எஸ்டேட் பங்களாவில் கிடைத்த பழைய ஹூவரை என்ன செய்வது?

தம்பி, நீங்கள் கேட்டிருப்பது இது. ஏற்காட்டில் உங்கள் மாமா மேஸ்திரியாக இருக்கும் எஸ்டேட்டில் பழைய பங்களாவைக் காலி செய்தபோது மாடிப்படிக்குக் கீழே ஒரு ஹூவர் வேக்குவம் கிளீனர் கிடைத்திருக்கிறது, நிற்க வைத்துத் தள்ளுகிற மாடல், துணிப்பையை எலி கடித்திருக்கிறது, வயர் விறைத்துப் போயிருக்கிறது. பிளக்கில் சொருகிப் பார்க்கலாமா, சேலத்தில் இதற்கெல்லாம் ஆள் இருக்கிறார்களா, இப்படி நாலைந்து சேர்க்க வேண்டும் என்று ஆசை வருகிறது, அது பைத்தியக்காரத்தனமா என்று மூன்று கேள்வி.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், பைத்தியக்காரத்தனம்தான். என்னிடம் பதினொன்று இருக்கிறது. ஓடுவது ஏழு. வீடு பெருக்குவதற்கு இன்றைக்கும் பூந்துடைப்பம்தான்.

முதல் கேள்விக்குப் பதில்: சொருகாதீர்கள். என் முதல் மெஷினை, அதுவும் ஏற்காட்டிலிருந்து வந்ததுதான், இருபது கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே இறங்கி வந்தேன். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் சொருகினேன். அரை நிமிடம் அருமையாக ஓடியது, அப்புறம் கருகின வாசனை, அப்புறம் புகை, அப்புறம் அம்மாவின் திட்டு. அம்பது வருஷம் சும்மா கிடந்த மோட்டார் செத்திருக்கவில்லை, நான்தான் கொன்றேன். ஏற்காட்டுப் பனியும் மழையும் எப்படி என்று உங்களுக்கே தெரியும். அலமாரியில் வைத்த தோல் செருப்பே பூஞ்சை பிடிக்கிற ஊர். மோட்டாரின் செம்புக் கம்பிக் காயிலைச் சுற்றியிருக்கும் பருத்தி நூலும் காகிதமும் அந்த ஈரத்தைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதன்மேல் 230 வோல்ட்டை விட்டால் என்ன ஆகும்.

இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது. சேலத்தில் ஆள் இருக்கிறார்களா என்றால், இதற்கென்று யாரும் இல்லை, ஆனால் இதற்கு வேண்டிய எல்லாரும் இருக்கிறார்கள். வேக்குவம் கிளீனருக்குள்ளே இருப்பது நம் வீட்டு மிக்ஸி மோட்டாரின் தாத்தா. அதே யுனிவர்சல் மோட்டார், அதே ஆர்மேச்சர் (உள்ளே சுழலும் காயில்), அதே கார்பன் பிரஷ் (அதற்குக் கரண்ட் கொடுக்கும் கரிக்கட்டை). பிளேடு சுழலும் இடத்தில் ஃபேன் சுழல்கிறது, அவ்வளவுதான். "வேக்குவம் கிளீனர் ரிப்பேர்" என்று போர்டு தேடி அலைந்தால் கிடைக்காது. மிக்ஸி, கிரைண்டர், டிரில் மெஷின் ஆர்மேச்சர் சுற்றும் வைண்டிங் கடைக்குப் போங்கள். மெஷினைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், பார்த்ததுமே "இதெல்லாம் பார்ட்ஸ் வராதுங்க" என்பார்கள். மோட்டாரை மட்டும் கழற்றித் துணியில் சுற்றிக்கொண்டு போங்கள். மேஜையில் வைத்ததும் அவர் கை தானாக கம்யூட்டேட்டரை, அதாவது ஆர்மேச்சர் முனையில் பிரஷ் உரசும் செம்பு உருளையை, தடவிப் பார்க்கும். அதுதான் சரியான ஆள்.

கழற்றுவதற்கு முன் நேம் பிளேட்டைப் படியுங்கள். உங்களுடையதில் "பெரிவேல்" என்று இருந்தால் அது லண்டனுக்கு மேற்கே 1933-ல் திறந்த ஹூவர் தொழிற்சாலையில் செய்தது. எலக்ட்ரோலக்ஸ் என்றால் பெரும்பாலும் "லூட்டன்" என்று இருக்கும். கோப்ளின் என்று ஒன்று கிடைத்தால் விடாதீர்கள், அது வேக்குவம் கிளீனரையே கண்டுபிடித்த ஹியூபர்ட் செசில் பூத் தொடங்கிய கம்பெனியின் சரக்கு. அதே கம்பெனிதான் படுக்கைக்குப் பக்கத்தில் அலாரம் அடித்துத் தானாக டீ போடும் டீஸ்மேடையும் விற்றது. அதுவும் ஒன்று ஏதாவது பங்களாவில் தூங்கிக்கொண்டிருக்கும், கண்ணில் பட்டால் எனக்குச் சொல்லுங்கள்.

பிளேட்டில் அதைவிட முக்கியம் வோல்ட். அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஊருக்கு ஊர் சப்ளை வேறு, பெரும்பாலும் 200-லிருந்து 250 வரைக்கும் இருந்தது. அதனால் ஒரே மாடல் பல வோல்ட்டில் வரும். 230/250 என்றால் கவலை இல்லை. 200/220 என்றால் நம் ஊர் கரண்டில் கொஞ்சம் வேகமாகவும் சூடாகவும் ஓடும், தொடர்ந்து ஓட்டாதீர்கள். 110 அல்லது 115 என்றால் பெரும்பாலும் அமெரிக்கச் சரக்கு, ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் பக்கத்திலேயே போகக்கூடாது. அங்கே 60 சைக்கிள், இங்கே 50 என்று சிலர் பயப்படுவார்கள். யுனிவர்சல் மோட்டாருக்கு அது பொருட்டே இல்லை, அது டிசி கரண்டிலும் ஓடும்.

இப்போது வேலை. கழற்றும் ஒவ்வொரு படிக்கும் போனில் படம் எடுங்கள். ஸ்குரூவை எல்லாம் ஒரே டப்பாவில் போடாதீர்கள், அட்டையில் மெஷின் படம் வரைந்து அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள். முகத்தில் மாஸ்க் கட்டாயம். அந்தப் பையில் இருப்பது யாரோ ஒரு துரையின் கம்பளித் தூசி, நாய் முடி, பூஞ்சை, எலிப்புழுக்கை எல்லாம் கலந்த சரக்கு. மொட்டை மாடியில் வைத்துத் திறங்கள். ஃபேனைப் பிடித்திருக்கும் நட்டு சில மெஷின்களில் இடதுபுரி, வலப்பக்கம் சுற்றினால்தான் கழலும். வரவில்லை என்று பலம் போட்டால் உடையும், முதலில் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று மறையைப் பாருங்கள்.

வயரை யோசிக்காமல் வெட்டிப் போடுங்கள். "ஒரிஜினல் ஆச்சே" என்று மனசு கேட்காது. மடித்தால் உதிரும் ரப்பரை வைத்துக்கொண்டு ஒரிஜினல் பேசுவது தற்கொலை. உலோக உடம்பு, இரண்டு கோர் வயர், எர்த் கிடையாது, இதுதான் அந்தக் காலத்துப் பழக்கம். நீங்கள் மூன்று கோர் போட்டு, எர்த்தை உடம்பில் நல்ல உலோகம் தெரியும்படி சுரண்டி இறுக்குங்கள். கலரை நம்பாதீர்கள். பழைய பிரிட்டிஷ் வயரில் சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், நம் ஊர் மாதிரியே. அமெரிக்க வயரில் கறுப்புதான் ஃபேஸ். அறுபதுகளுக்கு முந்தைய ஜெர்மன் வயரில் சிவப்பு என்பது எர்த். யோசித்துப் பாருங்கள், ஏஇஜி என்ற ஜெர்மன் கம்பெனியின் மெஷினை நம் எலக்ட்ரீஷியன் பழக்கதோஷத்தில் சிவப்பை ஃபேஸில் மாட்டினால் மொத்த உடம்பும் கரண்ட். அதனால் மல்டிமீட்டர் வைத்து எது எங்கே போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். வீட்டில் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் பிரேக்கர்) இல்லை என்றால் இந்த ஹாபி உங்களுக்கு வேண்டாம், தபால்தலை சேருங்கள்.

உள்ளே சுவிட்ச் பக்கத்தில் மெழுகு பூசிய சின்ன உருளை ஒன்று இருக்கலாம். ரேடியோவில் கரகர சத்தம் வராமல் இருக்க வைத்த கெப்பாசிட்டர். வயதானால் கசியும். மெஷினைத் தொட்டால் கையில் சுர்ரென்று வருவதற்குப் பாதி நேரம் இதுதான் காரணம். பிடுங்கி எறிந்துவிட்டு, வேண்டுமானால் மெயின் லைனுக்கென்றே செய்த எக்ஸ்2 வகை 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை இரண்டு லைனுக்கும் குறுக்கே மட்டும் போடுங்கள், உடம்புக்கு எந்தக் காலும் போகக்கூடாது.

அடுத்து காய வைப்பது. ஒரு அட்டைப்பெட்டி, அதில் ஒரு 60 வாட்ஸ் குண்டு பல்பு, பல்பு படாத தூரத்தில் மோட்டார், இரண்டு நாள். இரண்டு நாளும் ஆள் இருக்கும்போது மட்டும் எரிய விடுங்கள், அட்டை அட்டைதான். அப்புறம் வைண்டிங் கடையில் 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். காயிலுக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டினால் மறுபடி பெட்டிக்குள். நான் இரண்டு மெகாஓம் தாண்டாமல் கரண்ட் காட்டுவதில்லை.

முதல் தடவை கரண்ட் கொடுப்பது சீரிஸ் போர்டில். நம் எலக்ட்ரீஷியன்கள் எல்லாரிடமும் இருப்பதுதான், 100 வாட்ஸ் பல்பு ஒன்று தொடரில். பல்பு பளிச்சென்று எரிந்து, மோட்டார் மெல்ல உருள ஆரம்பித்ததும் கொஞ்சம் மங்கினால் உயிர் இருக்கிறது. முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்து மோட்டார் அசையவில்லை என்றால் எங்கேயோ ஷார்ட், அல்லது பேரிங் இறுகிக் கிடக்கிறது. பல்பே எரியவில்லை என்றால் பிரஷ் தொடவில்லை, பெரும்பாலும் இதுதான், பதறவேண்டாம். இதெல்லாம் நடக்கும்போது உடம்பைத் தொடக்கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லிவிட்டேன். இதில் பாஸானால் வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர்ஸ்டாட்டில் வைத்து அறுபது வோல்ட், நூறு வோல்ட் என்று மெல்ல ஏற்றுங்கள். ஃபேனைக் கழற்றிவிட்டு முழு வோல்ட் கொடுக்காதீர்கள். பாரம் இல்லாத யுனிவர்சல் மோட்டார் நிற்காமல் வேகம் ஏறிக்கொண்டே போகும், சாதாரணமாகவே நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கு மேல் ஓடுகிற பிறவி.

பிரஷ் பிரச்சினைக்கு மிக்ஸி பிரஷ் போதும். கொஞ்சம் பெரிய சைஸாக வாங்கி, கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை விரித்துத் தேய்த்துத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவர வேண்டும், பொறுமை வேண்டும், கை கறுப்பாகும். பழைய பிரஷ் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று குறித்து வைத்திருந்தால் நல்லது. புதிய பிரஷ் போட்டதும் கம்யூட்டேட்டர் மேல் நயமான உப்புத்தாளைச் சொரசொரப்பு வெளியே இருக்கும்படி சுற்றி, கையால் உருட்டினால் பிரஷ் முனை அந்த வளைவுக்கு வந்துவிடும். இரும்பு தேய்க்கும் எமரித் தாள் மட்டும் வேண்டாம், அதன் துகள் செம்புக் கட்டைகளின் இடுக்கில் உட்கார்ந்து ஷார்ட் பண்ணும். ஓடும்போது பிரஷ் முனையில் சின்ன நீலப் பொறி இருக்கும், அது இயல்பு. கம்யூட்டேட்டரைச் சுற்றி மோதிரம் மாதிரி ஆரஞ்சு நெருப்பு ஓடினால் உடனே நிறுத்துங்கள், ஆர்மேச்சர் போயிருக்கிறது.

பேரிங்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. அளவெடுத்துக்கொண்டு போனால் பேரிங் கடையில் கிடைக்கும், சில பிரிட்டிஷ் மெஷினில் மட்டும் அங்குல அளவு, அதற்கு அலைய வேண்டும்.

உங்களுடையது தள்ளுகிற மாடல் என்பதால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அந்த வகையில் குப்பை நேராக ஃபேன் வழியாகவே போய், பின்னால் இருக்கும் பைக்குள் ஊதப்படும். அதனால்தான் பை பலூன் மாதிரி உப்பும். ஒரு ஆணியோ நாலணாக் காசோ உள்ளே போனால் ஃபேன் இறகு உடையும், உடைந்தால் அதிரும், அதிர்ந்தால் பேரிங் போகும். உங்கள் ஃபேனை விளக்கு வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள். எலக்ட்ரோலக்ஸ் மாதிரி படுத்துக் கிடக்கும் உருளை வகையில் கதை வேறு. அங்கே பை முதலில், மோட்டார் பின்னால், பை வடிகட்டிய காற்றுதான் மோட்டாரைக் குளிர்விக்கிறது. அதில் பை கிழிந்தால் தூசியெல்லாம் மோட்டாருக்குள், பை அடைத்தால் மோட்டாருக்கு மூச்சு முட்டும். சுருக்கமாக, உங்கள் பை கிழிந்தால் உங்களுக்கு இருமல், உருளை மெஷினில் பை கிழிந்தால் மெஷினுக்கு இருமல்.

பை தைக்க அம்மாபேட்டைப் பக்கம் போங்கள். நெருக்கமாக நெய்த கெட்டிப் பருத்தி டிரில் துணி வேண்டும். ஒரு சோதனை உண்டு: துணியை வாயில் வைத்து ஊதினால் காற்று போக வேண்டும், ஆனால் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊசி ஊசியாக ஓட்டை தெரியக்கூடாது. பழைய பையைப் பிரித்து அதையே பேட்டர்னாக வைத்து, இரட்டைத் தையல், தையல் உள்பக்கம். டெய்லர் "இது என்னங்க, யானைக்கு காலுறையா" என்று கேட்பார். எழுத்து அச்சடித்த பழைய பையை எறியாதீர்கள், துவைத்து மடித்து வையுங்கள்.

பாலிஷ் விஷயத்தில்தான் நம் சேலத்துக்கு ஈடு கிடையாது. வெள்ளிக் கொலுசுக்குப் பேர்போன ஊர், செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கமெல்லாம் பட்டறைகள். பஃப் வீல் பிடித்த அந்தக் கைகளுக்கு ஒரு அலுமினிய மூடி எல்லாம் விளையாட்டு. ஆனால் சாமானியமாகத் தொட மாட்டார்கள், அதற்குக் காரணம் இருக்கிறது. வெள்ளிப் பட்டறையில் தரையில் விழும் தூசியும் காசு, பெருக்கிச் சேர்த்து உருக்கி வெள்ளி எடுப்பார்கள். அதில் அலுமினியப் பொடி கலந்தால் கெட்டது. எனக்குச் செய்து கொடுப்பவர் ஒதுக்கிப் போட்ட பழைய வீல் ஒன்றை வைத்துக்கொண்டு, சாயங்காலம் வேலை முடிந்த பிறகு வாசலில் வைத்துத்தான் போடுவார். ஒருமுறை ஒரு பட்டறையிலிருந்தே உருளை மெஷின் ஒன்று விலைக்கு வந்தது. பேரம் முடிந்ததும் உரிமையாளர் மூடியைத் திறந்து பையை மட்டும் எடுத்துக்கொண்டார். "மெஷின் உங்களுக்கு, பை எனக்கு." அதில் எவ்வளவு வெள்ளி தேறியதோ, மெஷின் விலையைவிட அதிகம் என்று எனக்கு இன்றுவரை ஒரு சந்தேகம்.

பாலிஷுக்கு எல்லை உண்டு. என் இரண்டாவது ஹூவரைப் பளபளப்பாக்குகிறேன் பேர்வழி என்று நேம் பிளேட்டோடு சேர்த்து வீலில் கொடுத்துவிட்டேன். எழுத்து, சீரியல் நம்பர் எல்லாம் போய்விட்டது. இன்று அது ஊர் பேர் தெரியாத கண்ணாடி. அதிலிருந்து என் கட்சி இதுதான்: அழுக்கை எடுப்பேன், வயசை எடுக்க மாட்டேன். பங்களாவில் யாரோ ஒரு பட்லர் முப்பது வருஷம் பிடித்துப் பிடித்துத் தேய்ந்த கைப்பிடிக்கு நான் ஏன் புதுப் பெயின்ட் அடிக்க வேண்டும்? இதில் என்னோடு சண்டை போடுகிறவர்கள் உண்டு. புதுசு மாதிரி இருந்தால்தான் மீட்டெடுத்ததாக அர்த்தம் என்பார்கள். அது அவர்கள் காசு, அவர்கள் மெஷின். ஆனால் பேக்கலைட் பாகங்களை உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது, சில பழைய பேக்கலைட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். பித்தளை பாலிஷான பிராசோ தொட்டு மெல்லிய துணியால் துடைத்தால் போதும்.

இன்னொரு எச்சரிக்கை, கேட்டால் சிரிப்பீர்கள். ஹென்றி டிரேஃபஸ் வடிவமைத்து 1936-ல் வந்த ஹூவர் 150 என்ற அமெரிக்க மாடலில் எடை குறைய மெக்னீசியம் கலவை போட்டார்கள். நம் சுண்ணாம்புக்கரட்டில் தோண்டுகிற வெள்ளைக்கல் மெக்னீசியம் கார்பனேட்தானே, ஒரே வம்சம். கல்லாக இருக்கும்போது சூளைச் செங்கல்லுக்குள்ளேயே உட்கார்ந்து தீயைத் தாங்கும், உலோகமாகிப் பொடியானால் பற்றி எரியும். அந்த மாடல் கிடைத்தால் பஃப் வீல் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

எங்கே தேடுவது என்றால், நம் வீடுகளில் தேடிப் பிரயோஜனம் இல்லை. சிமென்ட் தரை, ரெட் ஆக்சைடு தரைக்கு யார் இதை வாங்கினார்கள்? கம்பளம் விரித்த இடம்தான் கணக்கு. எஸ்டேட் பங்களா, பழைய கான்வென்ட் பள்ளிகள், ரயில்வே அதிகாரி குவார்ட்டர்ஸ், குஷன் சீட் போட்ட சினிமா தியேட்டர். ஏற்காட்டில் 1820-களில் கலெக்டர் காக்பர்ன் காபி கொண்டுவந்ததிலிருந்து துரைமார் குடியிருந்ததால் நமக்கு அதிர்ஷ்டம். காயலான் கடையில் சொல்லி வைத்தால் அலுமினியம் எடைக்குக் கிடைக்கும், ஆனால் அவர்கள் முதல் வேலையாக வயரை வெட்டிச் செம்பு எடுத்துவிடுவார்கள், மோட்டாரை உடைப்பதற்குள் நீங்கள் போய்விட வேண்டும்.

வேக்குவம் கிளீனர் நம் நடுத்தர வீடுகளுக்கு வந்தது 1982-ல் தொடங்கிய யூரேகா ஃபோர்ப்ஸின் யூரோகிளீன் காலத்தில்தான். டை கட்டிய பையன் ஹஸ்தம்பட்டி வெயிலில் எங்கள் வீட்டுப் படியேறி, மெத்தையில் குழாயை வைத்து, வெள்ளைத் துணியில் படிந்த தூசியைக் காட்டினான். அப்பா முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். அந்த வித்தை புதுசில்லை. 1901-ல் காப்புரிமை வாங்கிய பூத், அதற்கு முன்னால் ஒரு ஓட்டலில் நாற்காலி மெத்தை மேல் கைக்குட்டையை வைத்து வாயால் உறிஞ்சிக் காட்டித் தானே இருமியவர். எண்பதுகளின் யூரோகிளீனை யாரும் இன்னும் பழம்பொருளாக மதிப்பதில்லை. நான் இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன். நம் வீட்டுக்குள் நிஜமாக வந்த மெஷின் அதுதான், துரை வீட்டு ஹூவர் இல்லை. இடம் இருந்தால் நீங்களும் ஒன்று எடுத்து வையுங்கள், இப்போது பரண் காலி செய்கிறவர்கள் சும்மாவே கொடுக்கிறார்கள்.

உங்கள் ஹூவரில் கடைசியாக ஒன்று பாக்கி, பெல்ட். அடியில் இருக்கும் உருளை பிரஷ்ஷை மோட்டாரோடு இணைக்கிற ரப்பர் வளையம், நிச்சயம் கல்லாகியிருக்கும் அல்லது ஒட்டிப்போயிருக்கும். சூடான கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு, நூலை வைத்துச் சுற்றளவு எடுத்துக்கொண்டு ஆயில் சீல், ஓ-ரிங் விற்கும் கடையில் கேளுங்கள். ரொம்ப இறுக்கமாகப் போட்டால் பேரிங் தேயும், தொளதொள என்றால் பிரஷ் சுற்றாது. வயரை வெட்டுவதற்கு முன் நேம் பிளேட்டையும், அடிப்பக்கத்தையும், பையில் அச்சடித்த எழுத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள், எந்த அளவு ஓ-ரிங் என்று நானே பார்த்துச் சொல்கிறேன்.